நாற்றுக்கு வெயில் பழக்குதல்

“விளையும் பயிரை முளையிலே தெரியும்” என்பது நம்மவர் நாவிற் பழகிய முதுமொழி. மக்களைப் பொறுத்தவரையில் இது எவ்வாறாயினும் ஆகுக. வீட்டுக்குள்ளே வளர்ந்த நாற்றைப் பொறுத்தவரையில் இதனைச் சற்று எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். யன்னலோரத்துத் தயிர்ச்சட்டியிலே ஒரு சாண் உயரத்துக்கு நெடுநெடுவென வளர்ந்து, இளம்பச்சை இலை விரித்து நிற்கும் தக்காளி நாற்று, காண்பவர் கண்ணுக்கு விளையும் பயிராகவே தோன்றும். அதனை ஒரு காலைப்பொழுதில் எடுத்துச் சென்று வளவிலே நட்டுவிட்டு, மறுநாட் பிற்பகல் போய்ப் பார்த்தால், கொதிநீரிலிட்ட கீரைபோலத் துவண்டு மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும். அதன் பக்கத்திலே, குள்ளமாய், தடித்த தண்டும் கரும்பச்சை இலையுமாய், எவர் கண்ணிலும் படாது நின்ற மற்றொரு நாற்று நிமிர்ந்து நிற்கும்.

ஐப்பசிக் கடைசியில் விதை தெரிவதைப் பற்றியும், சட்டியிலும் பேணியிலும் விதையிட்டு மழைக்கு ஒதுக்கி வளர்ப்பதைப் பற்றியும் இப்பகுதியிலே எழுதியிருந்தோம். அவ்வண்ணம் விதையிட்டவர் வீடுகளிலே இப்போது நாற்றுக்கள் நான்கு, ஐந்து கிழமைப் பருவத்தை அடைந்திருக்கும். மழையும் ஓயத் தொடங்கிவிட்டது. “எப்போது வெளியில் நடலாம்?” என்பதே இனி எழும் கேள்வி. ஆயின், அக்கேள்விக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. “நாற்று வெயிலுக்குப் பழகிவிட்டதா?” என்பதே அது.

ஒரு கத்தரிக் கன்று பட்டுப்போனால் பெருநட்டம் என்ன என்று கேட்பாரும் உளர். விதையின் விலை சொற்பமாக இருக்கலாம். போன மாதம் திரும்பி வராது. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களே இரவு குளிர்ந்து, தக்காளியும் மிளகாயும் நன்கு பூத்துக் காய்கட்டும் காலம். இரவு வெப்பம் ஏறிய பின்னர்த் தக்காளிப் பூக்கள் காய்கட்டாது உதிர்வது யாவரும் கண்டது. இப்போது நாற்றை இழந்து மறுபடி விதையிடுவோர், தை பிறந்த பின்னரே நடுவர். அவர்தம் கன்று பூக்கும்போது பங்குனி வெயில் வந்துவிடும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டஞ் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிப்பதற்கு யூன் மாதத்தில் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியதை நாம் மறந்துவிடவில்லை. வளவிலே நிற்கும் நாலு மிளகாய்க் கன்றும் மூன்று கத்தரியும் பொழுதுபோக்கல்ல என்பதை அந்நாட்கள் நமக்கு நன்கு உணர்த்தின. ஆகவே, விதைக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள இந்தப் பத்து நாட்களைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குவோம்.

நிழலிலே நேர்வது என்ன?

நல்ல வெளிச்சமுள்ள அறையென்று நாம் எண்ணும் இடத்தில், யன்னலுக்குச் சற்று அப்பால் உள்ள ஒளி சில நூறு லக்ஸ் அளவினதே. வெளியே நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 100,000 லக்ஸ். நம் கண் இரண்டுக்கும் விரைவிலே தன்னைச் சரிசெய்து கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை, நாற்றுக்குப் புலப்படும். ஒளி போதாத நாற்று அதனைத் தேடித் தண்டை நீட்டுகிறது. கணுவுக்குக் கணு இடைவெளி கூடுகிறது. தண்டு மெலிந்து, நிறம் வெளிறுகிறது. நாம் வளர்ச்சியென்று கண்டு மகிழும் அவ்வுயரம் உண்மையிலே பசியின் அடையாளம்.

யன்னற் பக்கமாக நாற்று வளைவதும் இக்காரணம் பற்றியே. சாள்ஸ் டார்வின், தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வொளித்திருப்பத்தை ஆராய்ந்தார். புல்லின் இளமுளையினது நுனியை ஒளிபுகாத மூடியால் மறைத்தபோது அது வளையவில்லை. ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி என அவர் கண்டார். வளைந்த நாற்றை நாளுக்கொருமுறை சட்டியோடு திருப்பி வைத்தால் நேராகும். ஆயினும் நேரான நாற்றெல்லாம் உரமான நாற்றாகிவிடாது.

ஏனெனில் இலையின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. காற்றோட்டமில்லாத, ஈரப்பதன் மிகுந்த இடத்தில் வளர்ந்த இலையின் மேலுள்ள மெழுகுபோன்ற புறத்தோற் படை மெல்லியது. நீர் வெளியேறுதலைத் தடுக்க அதற்குத் தேவை நேரவில்லை. ஆகவே அது தடிக்கவுமில்லை. இலைவாய்களும் வறண்ட காற்றுக்கு ஏற்ப விரைந்து மூடிப் பழகவில்லை. இத்தகைய இலையை நேரே வெயிலிலும் வாடைக்காற்றிலும் நிறுத்தினால், வேர் உறிஞ்சுவதிலும் மிகுதியான நீரை இலை இழந்துவிடும். அதே வேளையில், சட்டியிலிருந்து பெயர்க்கும்போது நுண்ணிய வேர்மயிர்கள் பல அறுந்தும் போகின்றன. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அந்நாற்றின் நிலையும்.

தாவரம் இழக்கும் நீரின் அளவு எத்துணையது என்பதை முதன்முதல் நிறுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். சட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியைக் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, தாம் கண்டவற்றை 1727இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். பகலின் பன்னிரண்டு மணி நேரத்தில் அச்செடி சராசரியாக 1 இறாத்தல் 4 அவுன்சு நீரை இழந்தது. பனியில்லாத வெப்பமான இரவிலோ ஏறத்தாழ 3 அவுன்சு மாத்திரமே. இன்றைய அளவில் முன்னையது ஏறக்குறைய 570 கிராம், பின்னையது 85 கிராம். நாற்றை மாலையிலே நடவேண்டும் என்று நம் முதியோர் சொல்லிவந்ததன் நியாயம் இவ்விரண்டு எண்களுக்குள்ளே அடங்கியிருக்கிறது.

காற்றும் ஓர் ஆசான். காற்றிலே அசையும் தண்டு குட்டையாகவும் தடித்தும் வளர்கிறது. தொடுகையால் தாவர வளர்ச்சியில் நேரும் இம்மாற்றத்துக்கு 1973ஆம் ஆண்டில் மார்க் ஜாவ் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் தனிப்பெயர் சூட்டினார். வீட்டுக்குள் காற்றுப்படாது வளர்ந்த நாற்றுக்குத் தன் பாரத்தைத் தானே தாங்கும் பயிற்சி கிடைப்பதில்லை. அதனாலேதான் நட்ட அன்று வீசும் முதற்காற்றிலேயே அது சாய்ந்துவிடுகிறது.

வன்மைப்படுத்தும் முறை

நாற்றைப் படிப்படியாக வெளிச்சூழலுக்குப் பழக்குதலை விவசாயநூலார் வன்மைப்படுத்தல் என்பர். குளிர்நாட்டு நூல்களிலே இதனைப் பற்றிப் படிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அங்கே நாற்றைக் கொல்லும் பகை உறைபனி. ஆகவே குளிருக்குப் பழக்குவதையே அவர்கள் பெரிதாகப் பேசுவர். நம் தாழ்நிலத்திலோ பகை நண்பகல் வெயில். அதனால் அவர்தம் நூலிற் கண்ட நேர அட்டவணையை அப்படியே பின்பற்றாது, நம் சூரியனுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை.

தக்காளி நாற்று மூன்று, நான்கு கிழமையிலும், கத்தரியும் மிளகாயும் நான்கு, ஐந்து கிழமையிலும் நடுவதற்கு ஏற்ற பருவம் எய்தும். வித்திலைகளை விட்டு, உண்மையான இலைகள் நாலு தொடக்கம் ஆறு வந்திருத்தல் வேண்டும். நடுவதற்குக் குறித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஏழு தொடக்கம் பத்து நாட்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

முதல் இரண்டு நாளும் சட்டிகளைக் காலை ஏழு மணியளவில் முற்றத்தில் வைத்து, ஒரு மணி நேரம் இளவெயில் காட்டிய பின்னர் மரநிழலுக்கு மாற்றுக. மூன்றாம் நான்காம் நாட்களில் இரண்டு மணி நேரம் போதும். ஐந்தாம் ஆறாம் நாட்களில் காலை பத்து மணிவரையும், மறுபடி மாலை நாலு மணிக்குப் பின்னும் வெயிலில் நிற்கட்டும். ஏழாம் எட்டாம் நாட்களில் நண்பகல் வரை விடலாம். அதன்பின் முழுநாளும் வெளியிலேயே நிற்கலாம். கடைசி இரண்டு மூன்று இரவுகளை அவை வெளியே கழிப்பதும் நன்று. பெருமழை வரும்போலத் தோன்றினால் மாத்திரம் தாழ்வாரத்துக்குள் எடுத்துவைத்தால் ஆயிற்று.

இந்நாட்களில் நீரையும் சற்றுக் குறைக்கவேண்டும். குறைப்பதென்றால் வாடவிடுவதல்ல. மேல்மண் காய்ந்து வெளிறிய பின்னரே அடுத்த முறை ஊற்றுவது என்று கொள்க. யூரியா போன்ற நைதரசன் பசளைகளை இக்காலத்தில் அறவே தவிர்த்தல் வேண்டும். அவை இலையை மென்மையாக்கித் தழைக்கச் செய்யுமேயன்றி வன்மைப்படுத்தமாட்டா.

இடையிலே சில இலைகளில் வெண்மையான திட்டுக்கள் தோன்றக்கூடும். அது நோயன்று, வெயில் சுட்ட வடு. அன்றைய நேரத்தைச் சிறிது குறைத்து, அவ்விலைகளைக் கிள்ளாது விட்டுவிடுக. புதிதாக வரும் இலை வெயிலை அறிந்தே பிறக்கும். பத்து நாட்களின் முடிவில் நாற்றின் நிறம் கறுத்து, தண்டு விறைத்து, வளர்ச்சி சற்று நின்றதுபோலத் தோன்றும். அதுகண்டு கவலையுற வேண்டியதில்லை. நடுவதற்கு ஆயத்தமாயிற்று என்பதற்கு அதுவே அறிகுறி.

நடும் மாலை

நடும் நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகவே பாத்தியைக் கொத்தி, நன்கு உக்கிய எருவையோ கூட்டெருவையோ கலந்து வைத்திருத்தல் நலம். உக்காத பச்சைச் சாணம் இளவேரைச் சுட்டுவிடும். சென்ற போகத்திலே தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றுள் எதுவேனும் நின்ற பாத்தியில் அவ்வினத்தையே மறுபடி நடாதீர்கள். இவை நான்கும் ஒரே குடும்பத்தவை; ஒன்றைப் பிடித்த வாடல்நோய் மண்ணிலே தங்கி மற்றதையும் பிடிக்கும்.

மாலை நாலு மணிக்குமேல் நடுக. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சட்டிக்கு நன்கு நீர் ஊற்றி வைத்தால், மண் வேரைப் பற்றிக்கொண்டு கட்டியாக வரும். பலரும் நாற்றைத் தண்டிலே பிடித்து இழுப்பர், அது தவறு. இலையொன்று கிழிந்தால் வேறோர் இலை வரும். தண்டு நசுங்கினால் மீட்சியில்லை. ஆகவே வேரோடு கூடிய மண்கட்டியை உள்ளங்கையில் ஏந்தி எடுத்தல் வேண்டும். பிடிக்கத்தான் வேண்டுமென்றால் இலையைப் பிடிக்கலாம்.

குழியிலே முதலில் நீரை ஊற்றி, அது சுவறிய பின்னர் நாற்றை இறக்குக. கத்தரியையும் மிளகாயையும் சட்டியில் எந்த ஆழத்தில் நின்றனவோ அந்த ஆழத்திலேயே நடவேண்டும். தக்காளிக்கு மாத்திரம் விதிவிலக்கு உண்டு. அதன் தண்டு மண்ணுக்குள் புதைந்த இடமெல்லாம் வேர்விடும் இயல்பினது. ஆதலால் நெட்டையாய் வளர்ந்துவிட்ட தக்காளி நாற்றைக் கீழிலைகளை நீக்கி முதலிலைக் கணுவரையும் புதைத்து நடலாம். யன்னலோரத்திலே நீண்டுபோன நாற்றுக்கு இயற்கை அளித்த பரிகாரம் இது.

இடைவெளியில் உலோபம் காட்டாதீர்கள். கத்தரிக்கு வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 3 அடி, கன்றுக்குக் கன்று 2 அடி வேண்டும். தக்காளிக்கு இரண்டரை அடியும் ஒன்றரை அடியும், மிளகாய்க்கு 2 அடியும் ஒன்றரை அடியும் போதும். இன்று வெறுமையாகத் தோன்றும் இடம் இரண்டு மாதத்தில் நிரம்பிவிடும். நட்டபின் சுற்றியுள்ள மண்ணை விரலால் அழுத்தி, வேருக்கும் மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் இல்லாமற் செய்து, மறுபடி சிறிது நீர் தெளிக்குக.

முதற் கிழமை

பழக்கிய நாற்றானாலும் நட்ட முதல் மூன்று நான்கு நாட்களுக்கு நிழல் வேண்டும். தென்னோலைத் துண்டையோ, பூவரசங் குழையையோ கன்றின் மேற்குப் பக்கமாகச் சாய்த்துக் குத்திவிட்டால் பிற்பகல் வெயில் மறையும். காலை வெயில் கிடைக்கும். வேரைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். சருகு தண்டைத் தொடாது ஒரு விரல் தள்ளி இருக்கட்டும். காலையும் மாலையும் அளவாக நீர் ஊற்றி, ஒரு கிழமையின் பின் நாளொரு முறையாகக் குறைக்கலாம்.

நண்பகலில் இலை சோர்ந்து, மாலையில் நிமிர்ந்தால் அஞ்சவேண்டாம். அது நீரைச் சிக்கனஞ் செய்யும் முயற்சியே. விடியற்காலையிலும் சோர்ந்து கிடந்தால்தான் ஆராயவேண்டும். தண்டு மண்மட்டத்தில் வெட்டுண்டிருந்தால் இரவில் உலாவும் புழுவின் வேலை. அருகிலுள்ள மண்ணை இரண்டு அங்குலம் கிளறினால் அப்புழு சுருண்டு கிடப்பதைக் காணலாம். தடித்த தாளை வளையமாக்கி, மண்ணுக்குள் ஓர் அங்குலம் புதையும்படி தண்டைச் சுற்றி நிறுத்துவது எளிய காப்பு. இலை அரித்து, பளபளக்கும் கோடு தெரிந்தால் நத்தை. கைவிளக்கோடு சென்று பொறுக்குவதே நல்ல மருந்து. அயல்வீட்டுக் கோழிக்கு இவை எதுவும் தடையாகா. அதற்கு முள்ளும் கம்பும் கொண்டு சிறு வேலியே வேண்டும். அயலவரோடு மனத்தாங்கல் கொள்வதிலும் அது இலகுவானது.

நட்ட ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நுனியிலே புதிய இலை துளிர்க்குமாயின், வேர் மண்ணைப் பற்றிவிட்டது என்று கொள்ளலாம். பசளை பற்றிய பேச்சு அதன் பின்னரே.

பெயர்க்கத் தகாதவை

எல்லாவற்றையும் நாற்றாக்கி நடவேண்டுமென்பதில்லை. கரட்டும் முள்ளங்கியும் வேரே விளைபொருளானவை. பெயர்த்தால் கிழங்கு கோணலாகும். வெண்டி, பயற்றை ஆகியவற்றை நேரே பாத்தியில் ஊன்றுவதே நன்று. பூசணி, பாகல், புடலை ஆகிய கொடிகள் வேர் அசைக்கப்படுவதைப் பொறுக்கமாட்டா. மழைக்கு அஞ்சி அவற்றை உள்ளே முளைக்கவைக்க விரும்புவோர், இப்பத்திரிகையைப் படித்து முடித்த பின்னர் அதன் தாளையே குவளையாகச் சுருட்டி, அதில் விதையிடலாம். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் குவளையோடு புதைத்தால் தாள் உக்கிப்போகும்; வேர் அசையாது.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ளோர், அங்கே மழை தை வரை நீளக்கூடுமாதலால், ஆறு அங்குலம் உயர்த்திய மேட்டுப்பாத்தியில் நடுவதே பாதுகாப்பு. நுவரெலியாப் பக்கத்தில் கோவாவும் லீக்சும் நடுவோர்க்கு மாத்திரம் குளிர்நாட்டு நூல்களின் எச்சரிக்கை பொருந்தும். தை, மாசியில் அங்கே சில இரவுகளில் உறைபனி விழுவதால், இளங்கன்றுகளை இரவில் மூடிவைத்தல் வேண்டும். கொழும்பிலே தொடர்மாடியில் வாழ்வோர்க்கு வளவு இல்லையாயினும் இதே விதிதான்: உள்ளறையிலிருந்து பலகணிக்கு நாற்று ஒரே நாளிற் போகலாகாது.

மாணவர் செய்து பார்க்க

மாணவத் தம்பி தங்கையர்க்கு இதிலே நல்லதோர் ஆய்வு உண்டு. ஒரே நாளில் விதைத்த பதினைந்து தக்காளி நாற்றுக்களை ஐந்தைந்தாக மூன்று பகுதியாக்குங்கள். முதற்பகுதியை மேலே கூறியபடி பத்து நாள் பழக்குங்கள். இரண்டாம் பகுதியை உள்ளேயே விடுங்கள். மூன்றாம் பகுதியையும் உள்ளே வைத்து, நாள்தோறும் ஒரு தாளினால் அவற்றின் நுனியை மென்மையாக இருபது முறை வருடுங்கள். பத்தாம் நாளில் ஒவ்வொன்றின் உயரத்தையும், நூலைச் சுற்றித் தண்டின் பருமனையும் அளந்து எழுதுங்கள். பின்னர்ப் பதினைந்தையும் ஒரே மாலையில் ஒரே பாத்தியில், நிழல் எதுவும் இடாது நட்டு, பத்து நாள் கழித்து எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். உயரத்தில் முந்தியது எது, நிலைத்து நிற்பதில் முந்தியது எது என்பதை உங்கள் அட்டவணையே சொல்லும். சில நாற்றுக்கள் இறக்கக்கூடும். வீட்டுக்கு வேண்டியவற்றைப் புறம்பாக வைத்துக்கொண்டே இதனைத் தொடங்குங்கள்.

பிள்ளைகளை வளர்த்த தாய்மார்க்கு இவை யாவும் புதியன அல்ல. வெயிலே படாது காப்பதும், பழக்காது வெயிலில் விடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இன்றைக்கே தயிர்ச்சட்டிகளை முற்றத்துக்கு எடுத்துவந்து, ஒரு மணி நேர இளவெயிலோடு தொடங்குங்கள். பத்து நாள் கழித்து நடும்போது, கன்று தன் காலில் நிற்கும்.

அடுத்த கிழமை: வேர் பிடித்த கன்றுக்கு முதற் பசளை எப்போது, எவ்வளவு?